மணமேடைக்கு ஆகாத மூக்குக்கண்ணாடி

காதில் மாட்டல் மாட்டுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று சொல்லி, கனகவள்ளி அந்த மூக்குக்கண்ணாடியைச் சண்முகவடிவின் முகத்திலிருந்து கழற்றினாள். கழற்றியதைக் கடை மேசையின்மேல் வைத்திருந்தால் அது வேறு செய்தி. அவள் தன் கைப்பையைத் திறந்து, அதை உள்ளே போட்டு, பையின் வாயை மூடியும் விட்டாள்.

"கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் எங்கிட்டயே பத்திரமா இருக்கும்."

அது 1964ஆம் ஆண்டின் சித்திரை மாதம். மாட்டுங்கா மார்க்கெட்டின் பின்புறம் அய்யாத்துரை என்பவர் நடத்திவந்த கல்யாண அலங்காரச் சாமான் கடையில், மணப்பெண் சண்முகவடிவும் அவள் தாயும் மாப்பிள்ளையின் அக்காள் கனகவள்ளியும் உட்கார்ந்திருந்தார்கள். பதினான்கு காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்ற சட்டம் வந்தபின் நல்ல தங்கத்தில் புதுநகை செய்ய வழியில்லாமற் போயிற்று. ஆகவே நெற்றிச்சுட்டி, தலைக்குச் சூரியன் சந்திரன், ஒட்டியாணம் எல்லாவற்றையும் கல் பதித்த போலி நகையாகவே எடுப்பது என்று இரு வீட்டாரும் முடிவு செய்திருந்தனர். மாப்பிள்ளை வீட்டார் எடுத்த முகூர்த்தப் பட்டு அரக்கு நிறம். கரை மாம்பழ நிறம். அதற்குப் பொருத்தமானவற்றைத் தேர்ந்தெடுக்கத்தான் பெண்ணை அழைத்துவந்திருந்தார்கள். தேர்ந்தெடுக்க வேண்டியவளின் கண்ணைத்தான் முதலில் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்.

சண்முகவடிவுக்கு அந்தக் கண்ணாடி இல்லையென்றால் ஒரு கை நீளத்துக்கு அப்பால் உலகம் கரைந்துவிடும். எதிரே கண்ணாடிப் பெட்டிகளில் மின்னியவை எல்லாம் நனைந்த காகிதத்தில் ஊறிய மைபோலப் பரவி நின்றன.

"மதினி, கண்ணாடியைக் குடுங்க."

"எதுக்கு?"

"வளையல் பாக்கணும்."

"அதுக்குத்தான் நாங்க பாக்கோம்லா? நீ கையை நீட்டு, போதும்."

சண்முகவடிவு கையை நீட்டவில்லை.

அவள் தந்தை வானமாமலை நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் பலசரக்குக் கடை வைத்தவர். மூத்தவள் இவள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த காலத்தில், கரும்பலகையில் உள்ளதைத் தப்பும் தவறுமாக எழுதிவைத்ததற்காக ஓராண்டு முழுவதும் பிரம்படி பட்டாள். பார்வைக் குறைதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. அடித்தவர்களில் ஒருவரேனும் அதற்காக வருந்தியதாகச் செய்தி இல்லை. கண்ணாடி வந்த பிறகு அவளைப் பிடிக்க ஆள் இல்லை. பள்ளியிறுதித் தேர்வில் தேறினாள். குர்லாவில், மருந்துப் புட்டிகளுக்கு லேபிள் அச்சிடும் ஒரு சிறிய அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். தாள் தாளாகப் பார்த்து, மை இழுகியதையும் எழுத்து விழாததையும் கழித்துப் போடுவது அவள் வேலை. அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு பிழையும் அந்த அச்சகத்தின் வாசலைத் தாண்டாது என்று முதலாளியே சொல்வார்.

மாப்பிள்ளை பெரியநாயகம் செம்பூரில், எண்ணெய் ஆலை ஒன்றில் பிட்டராக இருந்தான். தாய் தந்தை இல்லாத அவனை வளர்த்து ஆளாக்கியவள் மூத்தவள் கனகவள்ளி. மாட்டுங்காவில், ரயில்வே ஆபீஸில் வேலை பார்க்கும் கணவன் சிவனாண்டியோடு குடியிருந்தாள். தம்பிக்கு மாதச் சம்பளம் வாங்கும் பெண் வேண்டும் என்று தேடி அலைந்து, சண்முகவடிவைக் கண்டுபிடித்தவளும் அவளே. அந்தச் சம்பளம் வேண்டும். அந்தச் சம்பளத்தைச் சம்பாதித்துத் தரும் கண்ணாடி மட்டும் வேண்டாம்! இதற்கு என்ன பெயர் வைப்பது?

ஆனால் முதல் பிழை பெண்வீட்டில்தான் நடந்தது. பெண் பார்க்க அவர்கள் வந்த அன்று, தாய் முப்பிடாதியம்மாள் மகளின் கண்ணாடியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள். "கதவு பக்கத்து நாற்காலியில வெள்ளைச் சட்டை போட்டு இருக்காவ பாரு, அவுகதான் மாப்பிள்ளை. அவுகளுக்கு முதல்ல காப்பியைக் குடு" என்று காதில் ஓதி அனுப்பினாள். அதற்குள் உள்ளே புழுக்கம் தாங்காத சிவனாண்டி, காற்றுக்காக மைத்துனனை எழுப்பிவிட்டுக் கதவுப் பக்கத்து நாற்காலியில் தாம் உட்கார்ந்துகொண்டார். அவரும் வெள்ளைச் சட்டைதான். சண்முகவடிவு நேரே போய், பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையைக் கடந்து, அக்காள் புருஷனுக்கு நாணத்தோடு காப்பி கொடுத்துக் கும்பிட்டும் வந்தாள். எல்லாரும் சிரித்தார்கள், பெண்ணுக்கு வெட்கம் என்றார்கள். கனகவள்ளி மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே குர்லா ஸ்டேஷனில் நின்று, வேலைக்குப் போகும் பெண்ணைக் கண்ணாடியோடு பார்த்துவிட்டாள்.

பார்த்தவள் சம்பந்தத்தை முறிக்கவில்லை. "தெரியும். இருக்கட்டும்" என்று முப்பிடாதியம்மாளிடம் பெரிய மனத்தோடு சொல்லியனுப்பினாள். அந்தப் பெரிய மனத்தின் அளவு இப்போது கடையில் தெரிந்தது.

"பட்டைக் கட்டி, தலையில சூரியன் சந்திரன் வச்சு, மூக்குமேல சஷ்மாவையும் மாட்டிக்கிட்டு உட்காந்தா, வந்திருக்கது பொண்ணா, பரீட்சை நடத்த வந்த இன்ஸ்பெக்டரான்னு கேக்க மாட்டாவளா?" என்றாள் கனகவள்ளி.

"ஏட்டி, மதினி நல்லதுக்குத்தான் சொல்லுதாவ. ஒருநாள் பொழுதுதானே" என்றாள் தாய்.

"மாட்டல் இல்லாத கம்மலும் நம்மகிட்ட இருக்கு, எடுக்கட்டுமா?" என்று அய்யாத்துரை இடையில் புகுந்தார். அவருக்கு வியாபாரம் நடக்க வேண்டும்.

"நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி. எதைக் காட்டணும்னு நாங்க சொல்லுவோம்."

சண்முகவடிவு குரல் வந்த பக்கமாகத் திரும்பினாள். ஒரு சந்தேகம் அவளுக்குள் அப்போதுதான் எழுந்தது.

"மதினி, ஒண்ணு கேக்கேன். நான் கண்ணாடி போடுதது அவுகளுக்குத் தெரியுமா?"

கனகவள்ளி பையின் வாயை மறுபடி அழுத்தி மூடினாள். வளையல்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த அய்யாத்துரையின் கைகூட நின்றுவிட்டது.

"அம்மா, தெரியுமா, தெரியாதா?"

"தாலி ஏறின பிறகு தெரிஞ்சுக்கிடட்டும்" என்றாள் கனகவள்ளி. "அவன் கோட்டிக்காரன். இதுக்கு முன்ன பாத்த பொண்ணையெல்லாம் மூக்கு சரியில்ல, நடை சரியில்லன்னு தள்ளிட்டான். இதையும் சொன்னா இதையும் தள்ளிருவான்."

மகளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவ்வளவு நாளும், எல்லாம் தெரிந்தே ஒருவன் தன்னை ஏற்றுக்கொண்டான் என்றல்லவா நினைத்திருந்தாள்? அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. அவள் முகத்தை அவனும் உள்ளபடி பார்க்கவில்லை. இரண்டு பேரையும் மூடிவைத்து முடிச்சுப் போட்டுவிட இரண்டு பெண்கள் கைகோத்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி பெற்ற தாய்!

"கண்ணாடியைக் குடுத்தாத்தான் நான் இங்கிருந்து எந்திரிப்பேன்."

"எந்திரிக்காட்டி?"

"அண்ணாச்சி கடையைப் பூட்டும்போது என்னையும் உள்ள வச்சுப் பூட்டட்டும்."

கடைக்குப் புதிதாக வந்த பெண்கள் சிலர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். மாட்டுங்காவில் நாலு பேருக்குத் தெரிந்த முகம் கனகவள்ளியுடையது. அவள் பையைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் பெண்ணின் மடியில் எறிந்தாள். எறிந்துவிட்டு, எதையும் எடுக்காமல் இறங்கிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வானமாமலைக்குச் செய்தி தெரிந்தது. சாதாரணமாக அவர் பேச்சுக் குறைந்தவர். அன்று மனைவியைப் பார்த்து, "நல்ல மொச்சையை மேல தூவிச் சொத்தையை விக்கிற கடைக்காரன்னு என்னை எவனும் சொன்னதில்ல. என் பிள்ளையை வச்சு நீ சொல்ல வச்சிட்டியே" என்றார். சட்டையைப் போட்டுக்கொண்டார். "நான் செம்பூருக்குப் போய்ச் சொல்லிட்டு வாரேன். வேண்டாம்னு சொன்னான்னா வேண்டாம்."

மகளுக்கு அந்த உவமையும் பிடிக்கவில்லை. கண்ணாடி போட்டால் சொத்தையா? ஆனால் போகிறவரைத் தடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை, செய்தி அறிந்த பெரியநாயகம் தாராவிக் கடைக்கு வந்தான். வானமாமலை வேண்டுமென்றே பின்பக்கம் போய்விட்டார். கல்லாவில் மகள் இருந்தாள்.

"நான்தான் பெரியநாயகம்."

அவள் தலையைக் குனியவில்லை. நெற்றி, சற்றே கோணிய மூக்கு, ஒழுங்காக வெட்டிய மீசை, இடது புருவத்தின் ஓரத்தில் பழைய தழும்பு என்று தாளைச் சரிபார்ப்பது போலவே பார்த்துக்கொண்டு வந்தாள். பெண்களின் மூக்கைக் குறை சொன்னவனின் மூக்கு இதுதானா என்று ஒரு நினைப்பும் குறுக்கே ஓடியது.

அவனுக்குச் சங்கடமாக இருந்தது. "என்ன அப்படிப் பாக்கே?"

"இப்பத்தானே பாக்கேன்."

"அப்ப அன்னைக்கு?"

"அன்னைக்குப் பாத்தது உங்க அத்தானை. அதுவும் சட்டையை மட்டும்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் கோபமாகவும் மாறியது. "உங்க அம்மா சொல்லல. எங்க அக்காவும் சொல்லல. ஆளுக்கொரு பக்கம் நின்னு என்னைப் பைத்தியக்காரனாக்கிருக்கீங்க."

"உங்களை மட்டுமா?"

அவன் கல்லா மேசையில் கையை ஊன்றினான். கடைசியில், "கண்ணாடி எனக்கு ஒரு பெரிய காரியமில்ல. நீ பாட்டுக்குப் போட்டுக்கிட்டே மணையில உட்காரு" என்றான். அவள் முகம் மலர்வதற்குள் அடுத்ததையும் சொன்னான்: "ஆனா அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன். வளத்தவ. நீயே சொல்லிரு."

கொதிக்கும் உலையில் கை விடுகிற வேலையை எவ்வளவு எளிதாக அடுத்தவளிடம் தள்ளிவிட்டான்! சம்மதம் அவனுடையது, வசவு இவளுடையது. "சரி, சொல்லுதேன்" என்றாள். "ஆனா நீங்க சொன்னதாத்தான் சொல்லுவேன்."

அவன் பீடிக்கட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் தாயை அழைத்துக்கொண்டு சண்முகவடிவு மறுபடியும் அய்யாத்துரை கடைக்குப் போனாள். இந்த முறை கண்ணாடி முகத்தில் இருந்தது. பட்டை மடியில் விரித்து, நிலைக்கண்ணாடியின் முன் உட்கார்ந்தாள். தொங்கும் நெற்றிச்சுட்டி மூக்குக்கண்ணாடியின் விளிம்பில் இடித்தது. குட்டைச் சுட்டி ஒன்றை எடுத்தாள். மாட்டலை ஒதுக்கினாள், சட்டம் காதில் அழுந்தாத சிறிய ஜிமிக்கி போதும் என்றாள். கனகவள்ளி குறித்துவைத்திருந்த பச்சை வளையல் அந்தப் பட்டோடு சண்டை போட்டது. கரையின் மாம்பழ நிறத்துக்கு இசைந்த மஞ்சளும் அரக்கும் கலந்து அடுக்கினாள். கனகாம்பரம் அரக்குப் பட்டில் எடுபடாது என்று கண்டு, மல்லிகைச் சரம் என்று முடிவு செய்தாள். முப்பிடாதியம்மாள் முதலில் ஒதுங்கியே உட்கார்ந்திருந்தாள். மெல்ல மெல்ல, "அந்தச் சுட்டி இன்னும் கொஞ்சம் மேல ஏறட்டும். கண்ணாடிக்கு இடம் விடு" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள்.

அய்யாத்துரைக்கும் உற்சாகம் பிறந்தது. "சட்டம் கறுப்பா இருக்கே தாயி. சரிகை நூலைச் சுத்தித் தரட்டுமா? பட்டுக்கு எடுப்பா இருக்கும்."

"முதல்ல உங்க கண்ணாடிக்குச் சுத்துங்க அண்ணாச்சி."

அய்யாத்துரை தம் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சிரித்தார். ஆம், அவரும் கண்ணாடிக்காரர்தாம். சிவனாண்டியும் கண்ணாடிக்காரர்தாம், ரயில்வே ஆபீஸில் பாதிப் பேர் கண்ணாடிக்காரர்கள். அவர்கள் கண்ணாடியோடு மணையில் உட்கார்ந்தபோது, பார்த்தவர்கள் படித்த மாப்பிள்ளை என்றார்கள். அதே கண்ணாடி பெண்ணின் முகத்துக்கு ஏறினால் ஊனம் ஆகிவிடுகிறது.

கனகவள்ளியிடம் சண்முகவடிவு தானே போய்ச் சொன்னாள். கேட்டவள் கத்தவில்லை. அதற்குப் பதிலாக ஒன்று சொன்னாள்: "நீ சஷ்மாவோட உட்காந்தா நான் முடிச்சுப் போட மாட்டேன்."

அவர்கள் வழக்கத்தில் தாலியின் முதல் முடிச்சு மாப்பிள்ளையுடையது; மற்ற இரண்டும் உடன்பிறந்தவள் போட வேண்டியவை. அவள் கை படாத தாலி குறைத்தாலி என்றே ஊரில் பேசுவார்கள். முப்பிடாதியம்மாள் அழுதாள். "ரெண்டு முடிச்சுக்காக ஒரு நாழிகை கழட்டி வையேன். உன் காலைப் பிடிச்சுக் கேக்கேன்" என்றாள். சண்முகவடிவுக்குத் தாயின் கண்ணீர் வலித்தது. ஆனாலும், ஒரு நாழிகை, ஒரு நாழிகை என்றுதானே பெண் பார்த்த அன்றும் கழற்றினார்கள்? அவள் அசையவில்லை.

வைகாசியில், தாராவியில் பிள்ளையார் கோயிலை ஒட்டிய பந்தலில் கல்யாணம் நடந்தது. அரக்குப் பட்டு, குட்டைச் சுட்டி, மல்லிகை, கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி. கூட்டத்தில் கிசுகிசுப்பு எழாமல் இல்லை. ஓமப் புகை கண்ணாடியில் படிந்தபோது, அவள் முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டாள். யாரோ ஒரு கிழவர் உரக்கவே சிரித்தார்.

பெரியநாயகம் முதல் முடிச்சைப் போட்டான். "நாத்தனார் வாங்க" என்று அழைத்தார் புரோகிதர். கனகவள்ளி மணையின் பின்னால்தான் நின்றாள். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். இரண்டாம் முறையும் அழைத்தார். மேளக்காரர்கள் நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பி அக்காளைத் திரும்பிப் பார்த்தான். அவன் விரல்கள் தாலி நூலை இறுக்கிப் பிடித்திருப்பதைச் சண்முகவடிவு கழுத்தில் உணர்ந்தாள். அக்காளின் இறுகிய தாடையையும், முதல் வரிசையில் வாயைப் பொத்தியிருந்த தன் தாயையும் அவள் தெளிவாகப் பார்த்தாள். யாரைக் கேட்டும் இது நடக்கப்போவதில்லை என்பதும் தெளிவாகவே தெரிந்தது.

"நீங்களே போடுங்க" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

"அக்கா..."

"போடுறதுன்னா போடுங்க. இல்லன்னா நூலை விடுங்க. கழுத்து வலிக்கு."

அவன் மற்ற இரண்டையும் தானே போட்டான். மேளம் முழங்கிற்று.

இத்தோடு முடிந்திருந்தால் இதனை எழுதவே தேவையிருந்திராது. ஒரு மாதம் சென்று, கனகவள்ளி செம்பூருக்கு வந்தாள். கோபம் ஆறிவிட்டது என்று எல்லாரும் மகிழும்படி, சட்டம் போட்ட கல்யாணப் போட்டோ ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். மாப்பிள்ளை பெரியநாயகம்தான். பட்டும் சுட்டியும் வளையலும் சண்முகவடிவு தேர்ந்தெடுத்தவைதாம். முகத்தில் கண்ணாடி இல்லை. அது இருந்த இடத்தில், மை தீட்டிய பெரிய கண்கள் இரண்டு வரையப்பட்டிருந்தன. அவை எங்கேயோ பந்தல் மூங்கிலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"லட்சணமாத்தானே இருக்கு" என்றான் பெரியநாயகம், அக்காள் போன பிறகு.

"யாரு?"



அவள் போட்டோவைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கே போனாள். ஸ்டுடியோக்காரர் மராத்தியர், தாராவித் தமிழர்களோடு பழகிக் கொச்சைத் தமிழ் பேசுவார். அவருக்கு அவள் கோபம் விளங்கவே இல்லை. "அக்கா சொன்னாங்க, செஞ்சோம் அம்மா. சஷ்மா எடுத்து, கண் போட்டு, எவ்வளவு மெஹனத்! எல்லாம் நெகட்டிவிலேயே பக்காவா செஞ்சாச்சு" என்று தாம் பட்ட பாட்டைப் பெருமையோடு சொன்னார்.

நெகட்டிவைச் சுரண்டிவிட்ட பிறகு மீட்பதற்கு எதுவும் இல்லை. ஊர்கூடிப் பார்க்க, முடிச்சு மறுக்கப்பட்டும் அவள் கழற்றாத கண்ணாடியை, ஒரு அறைக்குள் உட்கார்ந்து தூரிகையால் கழற்றிவிட்டார்கள். அதற்கு அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் போட்டோவின் பிரதிகள் திருநெல்வேலிப் பக்கத்து உறவினர் வீடுகளுக்கெல்லாம் முன்னரே தபாலில் போய்விட்டிருந்தன.

சண்முகவடிவு குர்லா வேலையை விடவில்லை. குழந்தை பிறந்த பிறகும் விடவில்லை. நாத்தனாரோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொண்டாள். நல்லது பொல்லாததுக்குப் போனாள். ஆனால் கனகவள்ளி வீட்டுச் சுவரில் அந்தப் போட்டோ தொங்கிய பக்கமாக முகம் கொடுத்து ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அதைப் பற்றிப் பேச்சு வந்தால், ஆறு வருஷம் கழித்தும் அவள் குரல் ஏறிவிடும். "பழசை விடேன்" என்பார்கள். விடவேண்டியது யார் என்று அவள் திருப்பிக் கேட்பாள்.

ஒரு காலைப்பொழுதில், ஊரிலிருந்து பெரியநாயகத்தின் சித்தி செம்பூர் வீட்டுக்கு வந்து இறங்கினாள். கல்யாணத்துக்கு வராதவள், போட்டோவை மட்டும் பார்த்தவள். கதவைத் திறந்த சண்முகவடிவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவள் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எங்க பெரியநாயகம் பொண்டாட்டியக் கூப்பிடும்மா. போட்டோவுல பாத்திருக்கேன். நல்லா முழி பெருசா, மகாலெச்சுமி கணக்கா இருப்பா."

"அந்தப் பொண்ணு இந்த வீட்டுக்கு வரவே இல்ல சித்தி" என்றாள் சண்முகவடிவு. "அவுகளுக்குக் கட்டிவச்சது என்னைத்தான். உள்ள வாங்க, காப்பி போடுதேன். ஜல்தியா குடிச்சிருங்க, எனக்குக் குர்லாவுக்கு ரயில் இருக்கு."